பழைய போனை விற்க முன்னர் ரீசெட் ஒன்று போதுமா?

கேள்வி: 11.08.2024, காலை 8.15

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் மூன்று பழைய போன் கிடக்கிறது. ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. ஒன்றுக்கு டிஸ்பிளே உடைந்துவிட்டது. மற்றது எழும்பவே மாட்டேன் என்கிறது. முதலாவதுக்கு டவுனில் ஒரு கடையில் பதினெட்டாயிரம் தருகிறேன் என்றார்கள். மற்ற இரண்டையும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன், மச்சான் விடுகிறான் இல்லை. "ரீசெட் பண்ணினாலும் எல்லாத்தையும் எடுப்பாங்கள், சுத்தியலால அடிச்சுக் கடலில போடு" என்கிறான். மனைவி, பிள்ளைகளின் படங்கள், பேங்க் அப் எல்லாம் இருந்த போன்கள். ரீசெட் போதுமா, போதாதா?

11.08.2024, காலை 9.40

போதும். 2019க்குப் பிறகு வாங்கிய போன் என்றால் தாராளமாகப் போதும். மச்சானிடமிருந்து சுத்தியலை வாங்கி ஒளித்து வையுங்கள்.

11.08.2024, பகல் 1.30

ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிடும்போதுதான் யோசித்தேன், காரணம் சொல்லாமல் "போதும்" என்றால் மச்சான் நம்பமாட்டார்.

இந்தக் காலத்துப் போன் படமோ செய்தியோ எதை உள்ளே வைத்தாலும் குறியாக்கம் செய்துதான் வைக்கிறது. அதைத் திரும்ப வாசிக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியும் போனுக்குள்ளேயே தனியாக இருக்கிறது. ரீசெட் கொடுத்ததும் முதலில் அழிவது அதுதான். படங்கள் இருந்த இடத்தில் மிச்சம் மீதி கிடந்தாலும் யாருக்கும் விளங்காத கிறுக்கல். ஐயாயிரம் படம் இருந்த போன் இரண்டு நிமிடத்தில் எப்படித் துடைபட்டது என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

ஐபோனில் 2009இல் வந்த 3ஜிஎஸ்ஸில் இருந்தே இந்த ஏற்பாடு உண்டு. அண்ட்ரொய்டில் தான் இழுபட்டது. 2015இல் 6ஆம் பதிப்போடு புதுப் போன்களுக்குக் குறியாக்கம் கட்டாயம் என்றார்கள், ஆனால் வேகம் குறைந்த மலிவுப் போன்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2019இல் 10ஆம் பதிப்போடுதான் அந்த விலக்கும் போனது. எங்கள் ஊரில் கூட விற்றது எந்தப் போன்? அந்த மலிவுப் போன்தான். அதனால்தான் 2019 என்று எழுதினேன்.

11.08.2024, இரவு 10.05

காலையில் எழுதியதில் ஒரு பிழை. "2019க்குப் பிறகு வாங்கிய போன்" என்று எழுதிவிட்டேன். வாங்கிய வருடம் கணக்கில்லை. அந்தக் கட்டாயம் 10ஆம் பதிப்போடு வெளிவந்த போன்களுக்குத்தான். 2020இல் கடையில் "புதுசு" என்று வாங்கியது 2018 மொடலாக இருக்கலாம். கடைக்காரர் சொல்லமாட்டார். நானும் சொன்னதில்லை.

ஆம், நானும் கடைக்காரன்தான். 2009 முதல் 2016 வரை டவுனில் கொமியூனிகேஷன் வைத்திருந்தேன். ரீலோட், போட்டோகொப்பி, வெளிநாட்டுக் கோல், பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி நிறையப் பழைய போன். உங்கள் போனில் செட்டிங்ஸ் போய்ப் பாதுகாப்புப் பகுதியில் பாருங்கள், குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று அதுவே சொல்லும். இல்லை என்றால் அங்கேயே குறியாக்கத்தைப் போட்டுவிட்டு, நீளமான கடவுச்சொல் ஒன்றும் வைத்து, அதற்குப் பிறகு ரீசெட் கொடுக்கலாம். பட்டறி நிறைய இருக்க வேண்டும், பாதியில் கரண்ட் போனால் என்னைத் திட்டக்கூடாது.

12.08.2024, காலை 6.50

மச்சானை நான் நக்கலடித்தது சரியில்லை. அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மை.

2015இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லோரன்ட் சைமன், ரொஸ் அண்டர்சன் இருவரும் கை மாறிய 21 போன்களை வைத்துச் சோதித்தார்கள். அண்ட்ரொய்ட் 2.3 முதல் 4.3 வரை ஓடியவை. ரீசெட் கொடுத்த பிறகும் செய்திகள், படங்கள் கிடைத்தன. கூகுள் கணக்குக்குள் நுழையும் அனுமதிச்சீட்டைக்கூடப் பெரும்பாலானவற்றில் தோண்டி எடுத்தார்கள். சரியாகத் துடைபடாத போன்கள் உலகத்தில் 50 கோடி வரை இருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு.

என் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததெல்லாம் அந்த வகைதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த ஏழு வருடத்தில் தோண்டி எடுக்க வேண்டிய தேவையே யாருக்கும் வந்திருக்காது. பத்துப் போன் வந்தால் ஆறு ஏழு துடைக்காமலே வரும். சிம்மைக் கழற்றினால் எல்லாம் கழன்றுவிடும் என்று சனத்துக்கு ஒரு நினைப்பு. பேஸ்புக் திறந்தபடி, ஜிமெயில் திறந்தபடி, "தம்பி, சார்ஜரும் இருக்கு, இன்னும் ஐந்நூறு போட்டுத் தாங்கோ" என்பார்கள்.

12.08.2024, இரவு 9.20

ரீசெட் பண்ணியும் நான் மாட்டிய கதை.

2017இல் என்னுடைய சொந்தப் போனைச் சாம்பல்தீவுப் பக்கம் ஓட்டோ ஓட்டும் ஒரு தம்பிக்கு விற்றேன். செட்டிங்ஸுக்குள் போகாமல், பவர் பட்டனையும் வொலியூம் பட்டனையும் ஒன்றாகப் பிடித்து, கறுப்புத் திரை வரவைத்து ரீசெட் கொடுத்தேன். பழைய தொழில்காரன் அல்லவா, அவன் பார்க்கட்டும் என்று ஒரு வித்தை.

அரை மணித்தியாலத்தில் கோல். "அண்ணை, உங்கட ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் கேக்குது."

அண்ட்ரொய்ட் 5.1இல், 2015இல் வந்த பூட்டு இது. களவெடுத்தவன் பட்டனைப் பிடித்து ரீசெட் பண்ணினாலும் பாவிக்க முடியாதபடி, முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். செட்டிங்ஸ் வழியாக முறைப்படி ரீசெட் கொடுத்தால் பொதுவாகக் கேட்காது. பட்டன் வித்தை காட்டினால் கேட்கும்.

நான் அப்போது மீன் சந்தையில் நிற்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று சொல்லத் தெரியாமல், கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொன்னேன். அவன் அங்கே ஓட்டோ ஸ்டான்டில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகத் திருப்பிச் சொன்னான். மனைவியின் பெயரும் அவர் பிறந்த வருடமும். இரண்டு ஊருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் மறுபடி கோல்: "அண்ணை, உங்கட கொன்டக்ஸ் எல்லாம் எனக்கு வந்திட்டுது. உங்கட டொக்டரும் நிக்கிறார்."

வராமல் என்ன செய்யும்? என் கணக்கைப் போட்டுத் திறந்தால் என் சாமான் எல்லாம் அதுவாக இறங்கும். ஒன்றும் மிச்சம் இல்லாமல் துடைத்துக் கொடுத்த போனுக்குள் நானே வாயால் எல்லாவற்றையும் திரும்ப ஊற்றிவிட்டேன். அதே கடவுச்சொல் பேஸ்புக்குக்கும் என்பதை மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே முதலில் கணக்குகளைக் கழற்றுங்கள், கூகுள் மட்டுமல்ல, சாம்சங், ஷாவ்மி போன்ற கொம்பனிக் கணக்கு இருந்தால் அதையும். பிறகு செட்டிங்ஸ் வழியாக ரீசெட். கணக்கைக் கழற்றப் போகும்போது கடவுச்சொல் மறந்து, புதிதாக மாற்றினால் உடனே ரீசெட் கொடுக்க வேண்டாம், ஒரு நாள் பொறுக்கச் சொல்கிறது கூகுள். வாங்குகிறவர் முன்னால் போனைத் திறந்து, புதுப் போன் போல மொழி கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை வாங்குங்கள்.

13.08.2024, காலை 7.15

ஐபோனுக்கு என்ன என்று கேட்டு எழுதியிருந்தவருக்கு: 2013இல் ஐஓஎஸ் 7இல் இருந்து அதிலும் இதே பூட்டு இருக்கிறது. "எல்லாவற்றையும் அழி" என்று செட்டிங்ஸில் கொடுக்கும்போது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு, பூட்டையும் சேர்த்துக் கழற்றும். மறந்து விற்றுவிட்டால் ஐகிளவுட் தளத்துக்குள் போய் அந்தப் போனை அழித்து, கணக்கில் இருந்தும் நீக்கலாம். கடவுச்சொல்லைச் சந்தையில் நின்று கூவ வேண்டியதில்லை.

15.08.2024, இரவு 8.30

மெமரி கார்டை மறந்தே போனேன்.

போனை ரீசெட் கொடுத்தால் கார்ட் துடைபடாது, அது தனிச் சாமான். கடைக்காரரிடம் கொடுக்கும்போது சிம் தட்டிலேயே கார்டும் சேர்ந்து போய்விடும். அதைத் தனியாக "ஃபோர்மட்" பண்ணினேன் என்பவர்களுக்காக நேற்று ஒரு சோதனை செய்தேன். லாச்சியில் கிடந்த 2 ஜிபி கார்ட், எப்போதோ ஃபோர்மட் பண்ணி, போனில் போட்டால் வெறுமை என்று காட்டும் கார்ட். கணினியில் மாட்டி ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். தேத்தண்ணி குடித்து முடிய 400க்கு மேல் படம் வந்துவிட்டது. கோட்டை வாசலில் மான் ஒன்று என் மகனின் கையில் இருந்த வாழைப்பழத்தைத் தோலோடு பிடுங்கும் படம். அவன் வாய் பிளந்து அழுகிறான். இப்போது அவனுக்கு 19 வயது. அனுப்பினேன், பதில் இல்லை.

ஃபோர்மட் பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கும், பக்கங்கள் அப்படியே இருக்கும். கார்டை விற்க வேண்டாம். இன்றைய விலைக்கு அது பெரிய காசும் இல்லை. வைத்திருங்கள், அல்லது இரண்டாக முறியுங்கள்.

16.08.2024, பகல் 12.10

கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: "அப்ப கடலில போடுறது?" திருகோணமலைத் துறைமுகம் ஆழமானதுதான், அதற்காகப் போன் போடவா? சிப்புக்கு உப்புத் தண்ணீர் ஒரு பொருட்டில்லை. டிஸ்பிளே போகும், பட்டறி போகும், காயவைத்து எடுத்தால் சிப் வாசிபடலாம். மீனுக்கும் கேடு. சுத்தியலும் வேண்டாம். உள்ளே லித்தியம் பட்டறி இருக்கிறது. துளைத்தாலும் நசித்தாலும் தீப்பிடிக்கலாம். அதோடு எல்லோரும் அடித்து நொறுக்குவது கண்ணாடியை. கண்ணாடியில் உங்கள் படம் இல்லை.

16.08.2024, இரவு 9.45

டிஸ்பிளே உடைந்ததும் எழும்பாததும் பற்றி இப்போதுதான் விரிவாக எழுத நேரம். உங்கள் மூன்றில் உண்மையில் கவலைப்பட வேண்டியவை இவை இரண்டும்தான். நல்ல போனை எல்லோரும் கவனமாகத் துடைக்கிறார்கள். செத்த போன் தூக்கி எறிபடுகிறது. டிஸ்பிளே மாற்றினால் எழும்பிவிடுகிற போன் செத்த போன் இல்லை. நானே அப்படி வாங்கி எழுப்பி விற்றிருக்கிறேன்.

டச் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் சின்ன ஓடிஜி இணைப்பு (யூஎஸ்பி சாமானைப் போனில் மாட்ட உதவும் துண்டு) ஒன்றை வாங்கி, கணினி மவுஸைப் போனில் மாட்டுங்கள். அம்புக்குறி வரும், அதை வைத்தே ரீசெட் வரை போகலாம். திரை முழுக்கக் கறுப்பு, ஆனால் மணி அடிக்கிறது, வைஃபையில் நிற்கிறது என்றால் கூகுளின் போன் தேடும் வசதியால் தூர இருந்தே அழிக்கலாம். முற்றாக எழும்பாததற்கு அந்த வசதி உதவாது. கட்டளை காத்துக்கொண்டு நிற்கும், போன் இணையத்துக்கு வந்தால்தான் அழியும்.

எழும்பாதது புதிய வகை, பின் இலக்கமும் போட்டிருந்தீர்கள் என்றால் உள்ளே இருப்பது குறியாக்கத்தில் இருக்கிறது. சிம்மையும் கார்டையும் எடுத்துவிட்டு, கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலில் இருந்து அந்தப் போனை வெளியேற்றி, கடவுச்சொல்லையும் மாற்றினால் நிம்மதியாக இருக்கலாம். பழைய வகை என்றால் தெரிந்த திருத்துநர் ஒருவரிடம் கொடுத்துப் பட்டறியைக் கழற்றுவித்து, மதர்போர்டில் உள்ள நினைவகச் சிப்பை உங்கள் முன்னாலேயே உடைப்பியுங்கள். மச்சானின் சுத்தியலுக்கு வேலை அங்கேதான்.

18.08.2024, காலை 10.00

"தெரிந்த திருத்துநர்" என்று எழுதிவிட்டு இரண்டு நாளாக ஒரு குறுகுறுப்பு.

கனடாவில் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மடிக்கணினிகளை 16 திருத்தும் கடைகளில் கொடுத்து, உள்ளே நடப்பதைப் பதிவு செய்தார்கள். 6 கடைகளில் சொந்தப் படங்களையும் கோப்புகளையும் திறந்து பார்த்திருந்தார்கள். 2 கடைகளில் பிரதியும் எடுத்திருந்தார்கள். வாசித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கடை வைத்திருந்த காலத்தில் துடைக்காமல் வந்த ஒரு போனில் கல்யாணப் படங்கள் இருந்தன. தெரிந்த குடும்பம். பார்த்தேன். ஒன்றிரண்டு இல்லை, முழுவதும் பார்த்தேன். தப்பான படம் எதுவும் இல்லை, இருந்தாலும் அந்தப் பெண்ணின் தகப்பன் இன்றும் மத்திய வீதியில் கண்டு "எப்படித் தம்பி?" என்று கேட்டால் நான் நிலத்தைப் பார்க்கிறேன்.

திருத்தக் கொடுக்கும்போது பின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதிப் போனில் ஒட்டிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். சாம்சங்கில் 2022 முதல் மெயின்டெனன்ஸ் மோட் என்று ஒன்று வந்திருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துகிறவருக்கு வெறும் போன் மட்டும் தெரியும்.

18.08.2024, பகல் 3.20

எல்லோரும் துடைப்பது பற்றியே கேட்கிறீர்கள். 2014இல் மூதூரில் இருந்து ஒரு அக்கா கடைக்கு வந்தார். மூன்று மாதத்துக்கு முன் விற்ற போன் இருக்கிறதா என்று கேட்டார். அதற்குள் கந்தளாய்க்காரர் ஒருவர் வாங்கிப் போய்விட்டார். நான் துடைத்துத்தான் கொடுத்தேன். தகப்பன் பேசிய ஒலிப்பதிவு ஒன்று அதில் இருந்ததாம், அவர் தவறி ஒரு கிழமை. "ஒண்டும் இல்லையா தம்பி?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் படியிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். விற்க முன்னர் எடுத்து வைக்க வேண்டியதை எடுத்து வையுங்கள். வட்ஸ்அப் குரல்பதிவுகளையும் சேர்த்து.

21.08.2024, இரவு 8.50

சிம் பற்றி.

அம்மா 2021இல் காலமானார். அவருடைய சிம்மை லாச்சியில் போட்டோம், ரீலோட் போடவில்லை. இலக்கம் கட்டாகி, கொஞ்சக் காலத்தில் வேறு யாருக்கோ போய்விட்டது. அம்மாவின் திவசத்தன்று கனடாவில் இருக்கும் சின்னம்மா, பழக்க தோஷத்தில், அந்த இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் "அக்கா, உன்னை நினைச்சுக்கொண்டு இருக்கிறன்" என்று எழுதினார். பதில் வந்தது, சிங்களத்தில்: "கவ்த?" யார் என்று கேட்கிறது. சின்னம்மா நடுச்சாமத்தில் எங்களுக்குக் கோல் எடுத்து அழுகிறார், சிரிக்கிறார், எது என்று விளங்கவில்லை.

அந்த மனிதர் நல்லவர், மன்னிப்பும் கேட்டார். ஆனால் தம்பியின் பேஸ்புக்கை மீட்கும் இலக்கமும், அம்மாவின் ஓய்வூதிய வங்கிக் கணக்கின் ஓ.டி.பி. போகும் இலக்கமும் அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. போனைத் துடைப்பதைவிட இது பெரிய ஓட்டை என்று இப்போது நினைக்கிறேன். இலக்கத்தை விட முன்னர் வங்கி, மின்னஞ்சல், பேஸ்புக் எல்லாவற்றிலும் மாற்றுங்கள், வட்ஸ்அப் கணக்கையும் உள்ளே போய் அழியுங்கள். அப்பை நீக்குவது கணக்கை அழிப்பது ஆகாது.

25.08.2024, மாலை 5.30

கடையில் விற்கும்போது அடையாள அட்டைப் பிரதி கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று ஒருவர். களவுப் போன் இல்லை என்பதற்காகக் கேட்பது, அதில் பிழை இல்லை. நீங்களும் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ என்ற போனின் அடையாள எண்ணையும், விற்ற திகதியையும், வாங்கியவரின் கையொப்பத்தையும் ஒரு துண்டில் வைத்திருங்கள். நாளைக்கு அந்தப் போனால் யாரும் ஏதும் செய்தால் பொலிஸ் முதலில் உங்களைத்தான் கேட்கும்.

ஆனால் அந்தப் பிரதி எங்கே போகிறது? 2016இல் கடையைப் பூட்டியபோது கடதாசி எல்லாவற்றையும் கிலோக் கணக்கில் போட்டுவிட்டேன். சில மாதம் கழித்து டச்சு விரிகுடாக் கடற்கரையில் கச்சான் வாங்கினேன். சுருளைப் பிரித்தால் ஒரு ஐயாவின் அடையாள அட்டை, முகத்தில் உப்பு. என் போட்டோகொப்பி இயந்திரத்தின் கறுப்புக் கோடு நடுவில் ஓடுகிறது. அப்படியே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்போது இல்லை. இருந்திருந்தாலும் கச்சான்காரர் வரை வந்திருக்காது. பிரதி கொடுத்தால் அதன் குறுக்கே "போன் விற்பனைக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள்.

01.09.2024, இரவு 9.10

எழும்பாத போனை இரும்புக்காரருக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுத மறந்தேன். மின்னணுக் கழிவைச் சேர்க்க மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகட்டும்.

எனக்கும் ஒரு வேலை வந்தது. என் 2014 போன், குறியாக்கம் ஏறமாட்டேன் என்கிறது. ரீசெட் கொடுத்து, பிறகு வெறும் குப்பையால் நிரப்பி, மறுபடி ரீசெட் கொடுப்பது ஒரு பழைய வழி. சிப் தனக்கென்று தனியாக வைத்திருக்கும் ஒதுக்கிடங்கள் வரை போகாது, என்றாலும் பெரும்பகுதி மூடுபடும். நிரப்ப என்ன போடுவது? கட்டிலில் வைத்து, மேலே சுற்றும் ஃபேனை வீடியோ எடுக்கவிட்டேன். இடம் முடியும்வரை. மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

03.09.2024, காலை 7.00

ஃபேன் வழி பற்றி ஒரு திருத்தம். முதல் ரீசெட்டுக்குப் பிறகு என் கூகுள் கணக்கை மறுபடி போட்டுத்தான் போனைத் திறந்திருக்கிறேன், பழக்கத்தில். காப்புப்பிரதி தானாக ஓடியிருக்கிறது. மூன்று மணித்தியால ஃபேனும் கூகுளுக்கு ஏறி, இலவசமாகத் தருகிற 15 ஜிபியும் நிறைந்து, நேற்றிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வருவதில்லை. மாத டேட்டாவும் முடிந்தது. இதை மகனின் போனில் இருந்து எழுதுகிறேன். ஃபேன் எடுப்பதென்றால் கணக்குப் போடாமல் எடுங்கள்.